அடங்கிய பிறகு திரும்பி வந்த பாட்டு

1967ஆம் வருஷம். புரசைவாக்கத்தில் எங்கள் வீடு. நான் நாலாம் வகுப்பு, அண்ணன் பி.யூ.சி. இங்கிலாந்துப் பாட்டுக்குழு பீட்டில்ஸ் என்றால் அவனுக்கு உயிர். நெற்றி மறைய முடி வளர்த்து அப்பாவிடம் அடி வாங்கியவன். சிலோன் ரேடியோவின் ஆங்கில ஒலிபரப்பில் ‘ஷீ லவ்ஸ் யூ’ வந்தால் டிரங்குப் பெட்டிதான் அவனுக்கு டிரம்ஸ். நானும் கூடக் குதிப்பேன்.

அந்த வருஷம் மவுண்ட் ரோடிலிருந்து சின்ன ரெக்கார்டு ஒன்று வாங்கி வந்தான். ஒரு பக்கம் ‘பென்னி லேன்’, மறுபக்கம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. அவனுடைய சிநேகிதர்கள் மூன்று பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ பக்கத்தைப் போட்டு முள்ளை வைத்தான். குதிக்கத் தயாராக எழுந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். புல்லாங்குழல் மாதிரி ஏதோ அழுதது. பீட்டில்ஸின் லெனன் தூக்கத்தில் பேசுவதுபோலப் பாடினார். நடுவில் தந்திகளை மேலிருந்து கீழே வருடும் ஓசை. “வீணையாட்டம் இருக்கே” என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். அது குழுவில் இன்னொருவரான ஹாரிசன் வாசித்த ஸ்வரமண்டல் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பாட்டு தேய்ந்து அடங்கியது. அண்ணன் சட்டென்று முள்ளைத் தூக்கிவிட்டான். “கெடுத்துட்டாங்கடா” என்றான். குரல் உடைந்திருந்தது.

அவன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். இங்கிலாந்திலும் அதே கதைதான். 1963லிருந்து வரிசையாக முதலிடம் பிடித்து வந்தவர்கள் இந்த ரெக்கார்டில் இரண்டாம் இடத்தோடு நின்றார்கள். முந்தியவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க், நம் சென்னையில் பிறந்தவர்! ரசிகர்கள் பழைய துள்ளலையே கேட்டார்கள். பீட்டில்ஸோ, ரசிகர்களின் கூச்சலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குக் கேட்காமல் சலித்து, 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவோடு மேடைப் பயணத்தை முடித்திருந்தார்கள். பிறகு ஸ்டுடியோவே கதி. இந்தப் பாட்டை வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு சுருதியில் இரண்டு விதமாகப் பதிந்தார்கள். லெனன் இரண்டுமே வேண்டும் என்றார். அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஒன்றை மெதுவாக்கிச் சுருதி சேர்த்து, நாடாவை வெட்டி ஒட்டினார். ஒரு நிமிஷம் ஆனதும் காதை வைத்துக் கேளுங்கள், குரல் கனத்துப்போகும்.

ஸ்ட்ராபெரி ஃபீல்ட், லிவர்பூலில் லெனன் சிறுவயதில் விளையாடிய குழந்தைகள் இல்லத்தின் பெயர். பென்னி லேனும் அவர்கள் வளர்ந்த ஊரின் தெருதான். துள்ளிய பையன்கள் வளர்ந்து, தாங்கள் சிறுவர்களாக இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பாயில் இருந்த பெரிய பையன்களுக்கு அது பிடிபடவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சோகம் ஏனோ பழகியதாகப் பட்டது.

மறுநாள் அண்ணன் காலேஜுக்குப் போனதும் நானே முள்ளை வைத்தேன். பாட்டு அடங்கியது. எடுக்கத் தெரியாமல் சும்மா இருந்தேன். அடங்கிய பாட்டு எங்கிருந்தோ மெல்ல எழுந்து திரும்பி வந்தது, புரியாத ஓசைகளோடு. மயிர் கூச்செறிந்தது.

இன்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மூன்றரை நிமிஷத்தில் ஓசை நின்றதும் அணைத்துவிடாதீர்கள். இன்னும் அரை நிமிஷம் பாட்டு இருக்கிறது.