முள் சொல்லும் சாட்சி

கடிகாரம் பிந்தினால் அயல்வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பழைய மோட்டார் வண்டியின் மானிகள் பிழையாகக் காட்டினால் அவற்றை எதனோடு ஒப்பிடுவது? இக்கேள்வி நம் நாட்டில் அநேக வீடுகளுக்குரியது. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளினால் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய வண்டிகள் இங்கு தலைமுறை கடந்தும் பேணப்பட்டன. 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது அவற்றின் அருமை மீண்டும் விளங்கிற்று.

எம்மிடமும் எம்மினும் மூத்த பிரித்தானிய வண்டி ஒன்றுண்டு. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில், யூலை மாதம் கியூ.ஆர். முறை வந்தபோது, காருக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றர் பெற்றோலே பங்கீடாயிற்று. அந்நாளிலேதான் எம் வண்டியின் பெற்றோல் மானி, ஒரு வாரப் பங்கு முழுவதும் தாங்கியில் இருக்கையிலும், வெறுமை என்று காட்டத் தொடங்கிற்று. அன்னையாரைக் கண் வைத்தியத்துக்காகக் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. போக ஏறக்குறைய 40 கிலோமீற்றர், வர அவ்வளவு. இடைவழியில் வண்டி நின்றால் பெற்றோலுக்கு வழியில்லை.

மானியை மாற்றிவிடும்படி சிலர் கூறினர். கல்முனையில் நெடுநாளாக வண்டி திருத்தும் காக்கா ஒருவர் அதற்கு இசையவில்லை. “சேர், முள்ளக் குத்தம் சொல்லாதீங்க. அது தபால்காரன். கடுதாசி எழுதினவனப் பாப்பம்” என்றார்.

அவர் கூற்றின் பொருள் இதுவே. தாங்கியினுள்ளே மிதவை ஒன்று பெற்றோலின் மட்டத்தோடு ஏறியிறங்கும். அது இறங்க இறங்க மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும். எம் வண்டியின் மானியில் அம்மின்னோட்டம் ஈருலோகத் தகடொன்றைச் சூடாக்கி வளைக்க, அவ்வளைவே முள்ளை நகர்த்துகிறது. மின்னோட்டம் தாங்கியின் உலோகத்தினூடாக வண்டியின் உடலைச் சேர்ந்தே தன் சுற்றை முடிக்கும். கடலோர உப்புக்காற்றினால் அவ்விணைப்பில் துரு ஏறின், துருவும் ஒரு தடையாகிவிடும். தடை கூடியது பெற்றோல் குறைந்ததனாலா, துரு ஏறியதனாலா என்பதை முள் அறியாது.

காக்கா மிதவைக் கருவியின் உலோகத் தட்டிலிருந்து வண்டியின் சட்டத்துக்குத் தனியே ஒரு வயரைத் தொடுத்தார். முள் மெல்ல எழுந்தது. துருவைச் சுரண்டி, ஆணியை இறுக்கி, கிறீஸ் பூசி, அஸர்த் தொழுகைக்கு முன்னரே வேலையை முடித்தார். அன்னையாரும் மட்டக்களப்புக்குச் சென்று நலமே மீண்டார்.

ஒரு மானி மட்டும் பிழை காட்டினால் அதன் பாதையைச் சோதிக்க வேண்டும். பெற்றோல் மானியும் வெப்பமானியும் ஒருங்கே உயர்ந்தாலோ, ஒருங்கே விழுந்தாலோ, இரண்டுக்கும் பொதுவான இடத்தையே ஐயுற வேண்டும். 1960களின் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில், பற்றரியின் 12 வோல்ற்றைச் சராசரி 10 வோல்ற்றாக்கும் சிறு சீராக்கி ஒன்றுண்டு. அது பழுதானால் இரு முட்களும் சேர்ந்தே தவறும்.

அக்கால வண்டிகளின் வேகமானியோ மின்னால் இயங்குவதன்று. கியர்ப்பெட்டியிலிருந்து வரும் கம்பிவடம் காந்தமொன்றைச் சுழற்ற, அது அலுமினியக் கிண்ணத்தை இழுத்து முள்ளைத் திருப்பும். முள் நடுங்கினால் வடத்தின் நெய்ப்பசை வற்றியிருக்கலாம். ரயர் தேய்ந்தால் வேகம் சற்று மிகையாகத் தோன்றும். இதனை ஒப்பிட வீதியோரத்துக் கற்களே போதும். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ4 வீதியில், சனநடமாட்டம் குறைந்த பகுதியில், 60 கிலோமீற்றர் வேகத்தில் மாறாது சென்றால், ஒரு கிலோமீற்றர்க் கல்லிலிருந்து அடுத்ததற்குச் சரியாக ஒரு நிமிடம். மைல் காட்டும் மானியாயின் முள் 37க்குச் சற்று மேலே நிற்க வேண்டும். நேரம் பார்ப்பது அருகிருப்பவர் வேலை. ஓட்டுபவர் கண் வீதியிலேயே இருக்கட்டும்.

ஓமின் விதியை மனனஞ் செய்யும் மாணவர்கள், முற்றத்தில் நிற்கும் பழைய வண்டியில் அதனைக் கண்ணாரக் காணலாம். வீட்டார் செய்யத்தக்கது இன்னும் எளிது. பெற்றோல் நிரப்புந்தோறும் லீற்றரையும் ஓடிய தூரத்தையும் கொப்பியொன்றில் குறித்து வருக. முள் தடுமாறும் நாளில் அக்கொப்பி கைகொடுக்கும்.