தூண்கள் எங்கே போயின?

சுவடிகளின் பாடவேறுபாடுகளை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் 'ஏடெழுதுவோர் பிழை' என்று சொல்லியே நாம் பதினெட்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டோம். பழைய தொழுகைக் கம்பளங்களின் படங்களில் மனம் தோயத் தொடங்கிய பின்னர், அச்சொல்லை உச்சரிக்க நா தயங்குகிறது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கம்பளம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் பல்லார்ட் என்னும் சேகரிப்பாளர் 1922-இல் வழங்கியது. உதுமானிய அரசவைப் பாணியில் நெய்யப்பட்டது. மூன்று வளைவுகள், அவற்றைத் தாங்கும் மெல்லிய இரட்டைத் தூண்கள், நடுவளைவில் தொங்கும் விளக்கு, உச்சியில் சிறு கும்மட்டங்கள். பள்ளிவாசலில் மெக்காவின் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தை நினைவூட்டும் வடிவம் அது.

அம்மாடம் அனத்தோலியாவின் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்த கதைதான் சுவையானது. 18-ஆம் நூற்றாண்டு கோர்தெஸ் கம்பளங்களில் தூண்கள் மெலிந்து பூப்பட்டைகளாகின்றன. சிலவற்றில் பீடம்கூட இல்லை. பட்டைகள் அந்தரத்தில் தொங்குகின்றன. விளக்கு பூங்கொத்தாகிறது, ஆனால் பழைய நினைவு விடவில்லை போலும், கொத்து தலைகீழாகவே தொங்குகிறது! லாதிக் கம்பளங்களில் நெடுங்காம்புத் துலிப் மலர்கள் மாடத்தின் மேலோ கீழோ அணிவகுக்கின்றன. மிலாஸில் வளைவின் கழுத்து இடுங்கி, உச்சி சாய்சதுரம் போலாகிறது. கிழக்கே பலூச் மக்களின் கம்பளங்களிலோ வளைவே இல்லை. ஒட்டக நிறத் தரை, மேலே ஒரு சதுரம், உள்ளே இலையடர்ந்த மரம். சிலவற்றில் சதுரத்தின் இருமருங்கும் விரித்த கைகள் நெய்யப்பட்டுள்ளன. நெற்றி நிலந்தொடுகையில் தொழுபவரின் கைகள் பதியும் இடம் அது.

முதலில் நெய்தவர் கட்டடத்தை நினைத்து நெய்தார். பின்வந்தவர் கம்பளத்தைப் பார்த்து நெய்தார். அதற்கும் பின்வந்தவர் நினைவிலிருந்து. முடிச்சுகள் பருமனாக, வளைவு படிக்கட்டாயிற்று. இவற்றைப் பிழை என்போமாயின், கோர்தெஸின் அழகு முழுவதும் பிழையே. இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை: தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்பதில் எந்த நெசவாளருக்கும் ஐயம் எழவில்லை. தொழுகைக்கு வேண்டியதும் அத்திசைதானே.

சில ஆண்டுகளுக்கு முன், தாலாட்டு ஒன்றைத் தொகுத்து வருமாறு பணித்திருந்தோம். ஒரு மாணவி கொணர்ந்த பாடம் அச்சு நூலின் பாடத்தோடு பொருந்தவில்லை. நான்கு அடிகளைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினோம். "எங்க பாட்டி இப்படித்தான் ஐயா பாடும்" என்றாள். சிரித்துவிட்டுக் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வாரம், அச்சு நூலில் உள்ளவாறே பிழையின்றி எழுதி வந்தாள். முழு மதிப்பெண் வழங்கினோம்.

பாட்டி பாடிய அந்த நான்கு அடிகள் இப்போது நம் நினைவில் இல்லை.