கூண்டு மாறினால் விடுதலையா?

"தம்பி, நீங்களே இதை எடுத்துக்கங்க. உங்ககிட்ட இருந்தா நல்லா இருக்கும்."

அம்மூதாட்டி இவ்வாறு கூறியபோது யாம் உடனே விடை பகரவில்லை. பகர இயலவில்லை என்பதே உண்மை.

நாகமலை புதுக்கோட்டையில் எமது தெருவில், ஒரு திண்ணை மூலையில், துருவேறிய கம்பிக் கூண்டு. அதனுள்ளே ஒரு கிளி. கிளி என்றதும் பச்சைப் பட்டும் பவழ மூக்கும் நினைவிற்கு வரும். நாங்கள் கண்டதோ, தன் மார்பிறகைத் தானே பிடுங்கி, தோல் தெரிய நின்ற கிழப்பறவை. தனிமை முற்றினால் கிளி அவ்வாறு செய்யும். அலகு அளவுக்கு மீறி வளைந்து நீண்டிருந்தது. சிறகோ, பல ஆண்டுகளாக வெட்டி வெட்டிக் குறைக்கப்பட்டது.

அதன் வரலாறு யாம் அறிந்ததே. மூதாட்டியின் கணவர் கிளி சோதிடர். பெயர் கூறி அழைத்ததும் அக்கிளி வெளியே நடந்து வரும். அடுக்கிலிருந்து ஓர் ஏட்டை அலகால் உருவும். ஒரு நெல்மணியைக் கூலியாகப் பெறும். பின்னர், கதவு திறந்திருக்கவே, தானே கூண்டினுள் திரும்பிச் செல்லும்! அடிமைத்தனத்தின் முழு வெற்றி எது என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை உண்டோ?

இளமையில் யாம் அப்பெரியவரிடம் வாதிட்டதுண்டு. "நாளை தன் கூண்டு திறக்குமா என்பதையே அறியாத கிளி, ஊராரின் நாளையை எப்படி அறியும்?" என்றோம். சுற்றி நின்றோர் கைதட்டினர். வென்றோம் என்ற களிப்புடன் வீடு திரும்பினோம். சோதிடத்தைப் பார்த்தோம், சாடினோம். கிளியைப் பார்த்தோமா? இல்லை. அவருக்கு அது பிழைப்பின் கருவி. எமக்கு அது வாதத்தின் கருவி. இந்தக் குற்றவுணர்வே, அன்று திண்ணையில் எம் நாவைக் கட்டியது.

பெரியவர் மறைந்து ஈராண்டு. மூதாட்டிக்குப் பார்வை மங்கிவிட்டது. தாம் உண்ணும் சோற்றில் ஒரு பிடியும் ஒரு மிளகாயும் கிளிக்கு வைப்பார். சில நாள் அதுவும் இல்லை. இது கொடுமையன்று, வறுமை.

ஐந்து இரவுகள் சிந்தித்தோம். மனத்தினுள்ளே ஒரு வழக்காடு மன்றமே நடந்தது.

எடுத்துக்கொள் என்றது ஒரு குரல். பெரிய கூண்டு செய்யலாம். கொய்யாவும் கம்பும் கீரையும் கொடுக்கலாம். நல்ல பராமரிப்பில் கிளி இருபத்தைந்து, முப்பது ஆண்டுகூட வாழும். எஞ்சிய காலமேனும் அது இன்புறட்டுமே!

இனிய குரல்தான். ஆனால், தோழர்களே, இக்குரலை இதற்கு முன்னும் நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? "என் பண்ணையாளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?" என்றான் பண்ணையார். "என் மனைவியை அரசியைப்போல் வைத்திருக்கிறேன்" என்றான் கணவன். நல்ல எசமானன் என்ற சொல்லை ஏற்காத நாம், கிளிக்கு மட்டும் நல்ல எசமானனாகலாமோ?

மதுரையோ கிளியைப் போற்றும் ஊர். மீனாட்சியின் கையில் கிளி. கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம். அங்கே முன்னாளில் உயிருள்ள கிளிகள் கூண்டிலே இருந்தன. போற்றுதலும் பூட்டுதலும் ஒன்றாய் நடந்த நாடு இது!

சிந்தியாது சொன்னதைச் சொல்பவனைக் கிளிப்பிள்ளை என்று இகழ்கிறோம். மரத்திலே தன் கூட்டத்தோடு வாழும் கிளி மனிதன் மொழி பேசித் திரிவதில்லை. இனத்தைப் பிரித்துத் தனியே அடைத்த பின்னரே, அருகில் இருப்பவர் குரலைப் பற்றிக்கொள்கிறது. பழி கிளிக்கா, பிரித்தவனுக்கா?

திறந்து விட்டுவிடு என்றது இரண்டாவது குரல். வீரமான குரல்; ஆனால் அறிவற்ற குரல். ஆண்டுக்கணக்கில் பறவாத தசை நலிந்திருக்கும். இரை தேடவும் அறியாது. காக்கைக்கும் பூனைக்கும் அஞ்சி ஒதுங்கவும் அறியாது. அன்று மாலைக்குள் அது இறந்திருக்கும். நமக்கோ விடுதலை அளித்த பெருமை மிஞ்சும்! கல்வியும் நிலமும் கொடாமல் "இனி நீ உரிமையாளன்" என்று ஏட்டில் எழுதிக் கொடுப்பதும் இத்தகையதே.

மூன்றாவது வழி சட்டம் காட்டும் வழி. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023இல் மதுரை வனத்துறை, வீடுகளில் கிளி வளர்ப்போர் அவற்றை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது கடலூர்ப் பகுதியில், ஒரு வேட்பாளர் வெல்வார் என்று கிளியைக் கொண்டு குறி சொன்ன சோதிடரிடமிருந்து வனத்துறையினர் கிளிகளைப் பறிமுதல் செய்தனர். அவ்வேட்பாளர் தோற்றார். தன் சிறையையும் அறியவில்லை, பிறர் வெற்றியையும் அறியவில்லை அக்கிளி!

ஒரு கிளியை ஒருவர் அன்பாய் வளர்த்தால், அதைக் காணும் பத்துப் பிள்ளைகள் தமக்கும் ஒன்று கேட்பர். அக்கேள்விக்கு விடையாகப் பனைமரப் பொந்திலிருந்து குஞ்சுகள் திருடப்படும். ஆகவே, எம் வீட்டுக் கூண்டு எம் வீட்டோடு நிற்பதில்லை.

ஆறாம் நாள் காலை மூதாட்டியிடம் சென்றோம். "அம்மா, நாங்கள் வளர்க்கவில்லை. வனத்துறையிடம் கொடுப்போம். மருத்துவர் பார்ப்பார்" என்றோம்.

"என்னைப் பிடிச்சிட்டுப் போயிருவாகளா தம்பி?"

"நாங்கள் உடன் வருகிறோம். பேச வேண்டியதை நாங்கள் பேசுகிறோம்."

சிறிது நேரம் கூண்டைத் தடவியிருந்தார். "அவுக போனபிறகு வீட்ல பேசுறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார்.

அச்சொல்லில் யாம் தலைகுனிந்தோம். ஐந்து இரவுகள் ஒரு கிளியின் தனிமையை எடைபோட்ட யாம், நான்கு வீடு தள்ளி வாழ்ந்த ஒரு பெண்ணின் தனிமையை ஒருநாளும் எண்ணவில்லையே!

கிளியை ஒப்படைத்தோம். அது மீண்டும் பறக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. பறக்க இயலாததாயின், பாதுகாப்பில் தன் இனத்தோடு முதுமையைக் கழிக்கட்டும். அன்று திரும்பும் வழியிலேயே மூதாட்டியின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதினோம். கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இப்போது மாலைதோறும் எம் இல்லத்துப் பிள்ளைகள் அத்திண்ணையில் செய்தித்தாள் படிக்கின்றனர். அவர் கேட்கிறார், வாதிடுகிறார், சில வேளை எம்மையே வெல்கிறார்.

தோழர்களே! மூடநம்பிக்கையை வாதத்தால் வெல்வது எளிது. அந்த நம்பிக்கை ஒழிந்த இடத்தில் பிழைப்பிழந்து நிற்கும் மனிதரையும், அதன் கருவியாய் நலிந்த உயிரையும் தாங்குவதே கடினம். கைதட்டல் கிடைக்காத அந்த வேலையும் நம்முடையதே.