காப்பாரில் ஓர் இலத்தீன் பாடம்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் போனால் காப்பார் வரும். வழியெல்லாம் லாரிகள், தொழிற்சாலைகள், வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். கடலோரம் மின் நிலையத்தின் உயரமான புகைக்கூண்டுகள். ஒரு காலத்தில் இங்கே ரப்பர் தோட்டங்கள் இருந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஜாலான் அக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி போன்ற பெயர்களில்தான் அந்தத் 'தோட்டம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது அக்கா மகளும் வந்தாள். நான்காம் படிவம் படிக்கிறாள். இலத்தீனிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களைத் தொகுக்கச் சொல்லிப் பள்ளியில் வேலை கொடுத்திருந்தார்கள்.

"காப்பாருல யாருக்கு மாமா இலத்தீன் தெரியும்?" என்று காரில் அலுத்துக்கொண்டாள்.

அவள் பட்டியலில் முதல் சொல் எஸ்டேட். அதன் வேர் 'ஸ்டாட்டுஸ்'. நிற்பது, நிலை என்று பொருள். முதலில் ஒருவர் சமூகத்தில் நிற்கும் நிலையைக் குறித்த சொல், பிறகு அவருடைய நிலபுலனுக்கும் பெயரானது. அடுத்து லேட்டெக்ஸ். இலத்தீனில் அதற்கு நீர்மம் என்றுதான் பொருள். நம்மவர்களுக்கு அது பால். அதனால் மரமும் பால்மரம் ஆயிற்று.

வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தன் பால்வெட்டுக் காலத்துக்குப் போய்விட்டார். "விடியக்காலையில பெரட்டுக்குப் போயி நிக்கணும். மண்டோர் பேரு கூப்பிடும்போது ஆளு இல்லன்னா, அன்னிக்கு வேலை இல்ல."

அவர் சொன்ன இரண்டு சொற்களும் என்னைப் பிடித்துக்கொண்டன. 'பெரட்டு' என்பது தோட்டத் தமிழர் வாயில் உருமாறிய 'பரேட்'. அதன் மூலம், ஆயத்தம் செய்தல் என்று பொருள்படும் 'பராரே' என்ற இலத்தீன் சொல். 'மண்டோர்' வந்த வழி வேறு. கட்டளையிடுபவரைப் போர்ச்சுகீசியர் 'மண்டடோர்' என்றார்கள். மலாயில் அது 'மண்டூர்' ஆகி, நம்மிடம் 'மண்டோர்' ஆனது. அதன் வேர் 'மண்டாரே'. கையில் ஒப்படைத்தல், கட்டளையிடல் என்று பொருள்.

மருமகள் பட்டியலைப் புரட்டினாள். "மாமா, டிமாண்டுக்கும் இதே வேர்தான் போட்டிருக்கு!"

உண்மைதான். கட்டளையிடும் மண்டோருக்கும், உரிமை கேட்கும் டிமாண்டுக்கும் வேர் ஒன்றே. கிள்ளான் வட்டாரத்தில் இது வெறும் அகராதிச் செய்தி இல்லை. 1941-இல் இந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்றார்கள். அந்தக் கோரிக்கைகளில் இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். முன்னின்ற ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது; உயிர்களும் போயின.

"எங்கப்பாவும் சைக்கிள விட்டு எறங்கினவருதான்" என்றார் அம்மா. "மழையில சேறா கெடந்தாலும் எறங்கி ஓரமா நிக்கணுமாம். அதச் சொல்லும்போது மட்டும் அவரு சிரிக்க மாட்டாரு."

எஸ்டேட்டின் வேர் நிற்பது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் படித்திருந்தோம். சைக்கிளில் போகிறவர் எங்கே, எப்படி நிற்க வேண்டும் என்பதையும் அந்த எஸ்டேட்தான் முடிவு செய்தது.

மருமகள் பட்டியலின் அடியில் பெரட்டு, மண்டோர் என்று எழுதினாள். "இதெல்லாம் இங்கிலீஷ் இல்லன்னு டீச்சர் வெட்டிட்டா?" என்று கேட்டாள்.

"வெட்டட்டும். எழுதிக் குடு" என்றார் அம்மா.

தோட்டங்கள் போய்விட்டன. அங்கே வேலை செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் பெரட்டில் நின்ற ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேரை அகராதி சொல்லிவிடும். சைக்கிளை விட்டு இறங்கிய கதையை அவர்தான் சொல்ல வேண்டும்.