தாம்பூலப் புட்டி

விருந்தினரை வரவேற்பதில் நம் முன்னோர் காட்டிய பரிவைப் பலரும் பாராட்டுவர். அவர்களை வழியனுப்புவதில் காட்டிய பரிவு அத்துணை பேசப்படுவதில்லை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையுடன் அனுப்புதல் தமிழர் வழக்கமன்று. திருமணமாயினும், புதுமனை புகுவிழாவாயினும், நவராத்திரிக் கொலுவாயினும், விடைபெறுவோர் கையில் வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கொடுப்பர். இதனைத் தாம்பூலம் என்பர். இது விலையிட்டு மதிக்கத்தக்க பொருளன்று. 'நீங்கள் வந்தீர்கள்; எங்கள் மனம் நிறைந்தது' என்பதை வாய் திறவாமல் சொல்லும் சொல்லே தாம்பூலம்.

காலம் செல்லச் செல்ல, வெற்றிலையுடன் தேங்காய் சேர்ந்தது. தேங்காயுடன் பை சேர்ந்தது. பைக்குள் எவர்சில்வர்க் கிண்ணமும் பிளாஸ்டிக் பெட்டியும் புகுந்தன. கொடுப்பவர் கடன்பட்டுக் கொடுக்கின்றார். பெறுபவர் அதனைப் பரணில் போட்டு மறக்கின்றார். இருவர்க்கும் பயன் இல்லை. தமிழ்நாட்டில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை விதிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கம் தொடங்கிற்று. பை துணிப்பையாயிற்று, நன்று. அப்பைக்குள் எதனை வைப்பது என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதே அன்றோ?

எங்கள் ஊர் கருங்குழி. வடலூரை அடுத்துள்ள கருங்குழி வேறு. இது செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்கு வடக்கே, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையின்மேல் உள்ளது. ஏரிப் பாசனமும் நெல் வயலும் இப்பகுதியின் செல்வம். சாலை வளர வளரக் கடைகள் வளர்ந்தன. கடைகள் வளரப் புட்டிகளும் பெருகின. ஊறுகாய்ப் புட்டி, தேன் புட்டி, காப்பித்தூள் புட்டி எனப் பல உருவில் வீட்டுக்குள் வரும் கண்ணாடி, உள்ளிருந்த பொருள் தீர்ந்ததும் குப்பைக்குப் போகின்றது. அவற்றுட் சில ஏரிக்கரையில் எறியப்பட்டு உடைகின்றன. உடைந்த சில்லு சேற்றில் மறைந்து கிடந்து, உழவர் காலையும் மாட்டின் குளம்பையும் கிழிக்கின்றது. கண்ணாடி மக்குவதில்லை, எத்தனை மழை பெய்தாலும் அதன் கூர்மை மழுங்க நெடுங்காலம் செல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெயர்த்திக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்த முடிவு செய்தோம். மகளிர் 120 பேர் வருவர் என்று கணக்கிட்டோம். ஒவ்வொருவர்க்கும் எவர்சில்வர்ப் பெட்டி ஒன்று கொடுக்க வேண்டும் என்றான் என் மகன். பெட்டியின் விலை 80 ரூபாய். 120 பெட்டிக்கு 9,600 ரூபாய். அவ்வாண்டு நெல் விளைச்சல் போதவில்லை. "கடன் வாங்கியேனும் கொடுத்துவிடுவோம், இல்லையேல் ஊரார் என்ன சொல்வர்?" என்று அவன் வருந்தினான்.

அப்போது பெயர்த்தி ஒரு வழி சொன்னாள்: "வீடுதோறும் காலிப் புட்டிகள் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துக் கழுவி, கற்கண்டு நிரப்பிக் கொடுப்போம், தாத்தா. கடனும் வேண்டா, குப்பையும் குறையும்."

இதைக் கேட்ட என் தமக்கையார் சினந்தார். அவர்க்கு வயது 80க்கு மேல். "தம்பி, இது என்ன பேச்சு? பிறர் உண்டு கழித்த புட்டியை மங்கல நாளில் தாம்பூலமாகக் கொடுப்பதா? குழந்தை பிறக்கப் போகும் வீட்டில் பழையதை எடுத்து நீட்டுவதா?" என்றார். அவர் கேட்டது வீண் கேள்வியன்று. கொடுக்கும் பொருள் தூயதாய் இருத்தல் வேண்டும் என்பது நம் மரபு. தனக்கு வேண்டாததைப் பிறர்க்குத் தருதல் ஈகையாகாது. அது கழித்தலே ஆகும். ஆகவே நான் மறுமொழி கூறாது இருந்தேன்.

பெயர்த்தி மெல்லக் கூறினாள்: "அத்தைப் பாட்டி, நீங்கள் ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடி யாருடையது?"

"என் தாயாருடையது, அவர்க்கு அவர் மாமியார் கொடுத்தது."

"அதை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கின்றீர்கள். மூன்று தலைமுறை புழங்கிய பழைய ஜாடி என்று நான் அதை மறுப்பேனா? அதைப் பெறுவதைப் பேறாக அல்லவோ எண்ணியிருக்கின்றேன்?"

தமக்கையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "சரி, கழுவுவது என் பொறுப்பு. என் மூக்குக்கும் கண்ணுக்கும் தப்பும் புட்டி ஒன்றுகூட வெளியே போகாது" என்றார். எதிர்த்தவரே தலைமை ஏற்றுக்கொண்டார்.

பத்து நாளில் 146 புட்டிகள் சேர்ந்தன. அண்டை அயலார் கொடுத்தவை பாதி. பழைய பொருள் வாங்கும் கடையில் சிறு விலைக்குப் பெற்றவை பாதி. தமக்கையார் ஒவ்வொன்றின் வாய் விளிம்பிலும் பழந்துணி சுற்றிய விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். துணி சிக்கினால் விளிம்பு சிதைந்துள்ளது என்று பொருள், அதனை விலக்கினார். மருந்தோ, பூச்சிக்கொல்லியோ, துப்புரவு நீர்மமோ இருந்த புட்டி எதுவாயினும், எத்துணை அழகியதாயினும், தொடாமலே தள்ளினார். உணவுப் பொருள் இருந்த புட்டியிலேயே உணவுப் பொருளை இடலாம்; இவ்விதிக்கு விலக்கு இல்லை. இவ்வாறு கழிந்தவை 19. அவற்றைத் தடித்த தாளில் சுற்றி, 'கண்ணாடி' என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தோம். அவர்கள் கையும் நம் கை போன்றதே அன்றோ?

எஞ்சிய 127 புட்டிகளை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊற வைத்தோம். மேலொட்டிய தாள் தானே கழன்றது. எஞ்சிய பசையைத் தேங்காயெண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துத் தேய்த்து நீக்கினோம். உள்ளே ஒரு பிடி அரிசியும் சிறிது நீரும் இட்டுக் குலுக்கியபோது, விரல் எட்டாத மூலையிலிருந்த அழுக்கும் அகன்றது. மூடியின் உட்புறப் பூச்சில் ஊறுகாய் மணம் எளிதில் போவதில்லை. எலுமிச்சம் பழத் தோலால் தேய்த்து இரு நாள் வெயிலில் வைத்தோம். துருவேறிய மூடிகளை நீக்கி, வேறு மூடி பொருத்தினோம்.

பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் உதவ விரும்பி, குளிர்ந்திருந்த புட்டியில் கொதிநீரை ஊற்றினான். 'டப்' என்னும் ஒலியுடன் அது வெடித்தது. நல்லவேளையாக அவனுக்குக் காயம் இல்லை. கண்ணாடி வெப்பத்தை விரைந்து கடத்துவதில்லை. உட்புறம் சூடேறி விரியும்போது வெளிப்புறம் குளிர்ந்தே இருக்கும். இவ்விழுபறியில் அது பிளந்துவிடும். ஆதலின் புட்டிகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, நீரையும் புட்டியையும் ஒருசேரச் சூடேற்றுதல் வேண்டும். பத்து நிமிடம் கொதித்த பின் அந்நீரிலேயே ஆறவிட வேண்டும். பின்னர் ஈரம் சிறிதும் இன்றி உலர்த்த வேண்டும். ஈரம் இருப்பின் கற்கண்டு கசிந்துவிடும்.

கழுவி முடித்தபின் ஓர் இடர் தோன்றிற்று. புட்டிகள் ஒரே அளவினவாக இல்லை. ஒருத்திக்குப் பெரியது, மற்றொருத்திக்குச் சிறியது என்றால், அது பந்தி வஞ்சனை ஆகாதா? எனவே எல்லாப் புட்டியிலும் ஓர் ஆழாக்குக் கற்கண்டே அளந்து இட்டோம். ஒரு விரலி மஞ்சளும், தாளில் மடித்த ஐந்து அவரை விதைகளும் எல்லார்க்கும் பொது. பெரிய புட்டிகளில் எஞ்சிய இடத்தை மடித்த வண்ணத் தாளால் நிரப்பினோம். உருவம் வேறாயினும் உள்ளீடு ஒன்றே. தையற்காரர் கொடுத்த ஒட்டுத்துணிகளை வட்டமாக வெட்டி மூடியின்மேல் கவித்து, மஞ்சள் நூலால் கட்டினோம். அந்நூலிலேயே இரண்டு கண்ணாடி வளையல்களைக் கோத்துத் தொங்கவிட்டோம். வளைகாப்புக்கு வளையல் இன்றியமையாதது. வளையலும் கண்ணாடி, புட்டியும் கண்ணாடி. இரண்டும் ஓரினம் என்பதை அன்றுதான் பலரும் உணர்ந்தனர்.

விழா முடிந்து விடைகொடுக்கும் வேளையில், உறவினள் ஒருத்தி புட்டியைத் திருப்பிப் பார்த்து, "இது எந்தக் கடை ஊறுகாய்ப் புட்டி?" என்று நகைத்தாள். என் மகன் முகம் வாடிற்று. தமக்கையார் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "எந்தக் கடையினது என்பது எனக்குத் தெரியாது, அம்மா. நான் கழுவினேன் என்பது தெரியும். திறந்து முகர்ந்து பார். மணம் இருந்தால் என்னிடம் கொடு" என்றார். அவள் திறந்தாள், மஞ்சள் மணமே வந்தது. நாணிச் சிரித்து, அதனை மடியில் வைத்துக்கொண்டாள்.

மாணவர்களே! கண்ணாடி எதனால் ஆயது என்று அறிவீர்களா? மணலும் சோடாவும் சுண்ணாம்புக் கல்லும் ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிக் கலந்து கண்ணாடியாகின்றன. நம் கடற்கரைக்கு இக்கலை புதிதன்று. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேட்டில், 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். பண்டைக் காலத்தில் கண்ணாடி மணிகள் செய்யப்பட்ட இடம் அது. உடைந்த கண்ணாடியை மீண்டும் உருக்கிப் புதுக்கண்ணாடி ஆக்கலாம். எத்தனை முறை உருக்கினும் அதன் தன்மை குன்றாது. ஆயினும் உருக்குவதற்கு உலையும் எரிபொருளும் வேண்டும். கழுவி மறுபடியும் பயன்படுத்துவதற்கோ நீரும் கையும் போதும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஐராம் காடு என்பவர் 1872ஆம் ஆண்டு உரிமம் பெற்ற கோலிச் சோடாப் புட்டியை எண்ணிப் பாருங்கள். குடித்தவுடன் புட்டியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அது கழுவப்பட்டு, மீண்டும் நிரம்பி, வேறொருவர் தாகத்தைத் தணிக்கும். அதனைப் பழையது என்று இகழ்ந்தவர் உண்டோ?

வளைகாப்பு நடந்த சில திங்களில், ஊரில் பல வீடுகளில் அப்புட்டிகளைக் கண்டேன். ஒன்றில் உப்பு இருந்தது. ஒன்றில் பொத்தான்கள் இருந்தன. ஒரு சிறுமியின் மேசையில் எழுதுகோல்கள் நின்றன. அவரைக் கொடி ஏறிய வேலிகளும் சில உண்டு. ஒருநாள், அன்று நகைத்த அவ்வுறவினளே ஒரு சிறுவனிடம் புட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். உள்ளே நெல்லிக்காய் ஊறுகாய் இருந்தது. அயல்வீட்டார் பண்டம் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருதல் நம் வழக்கமன்று. ஒரு பிடி சர்க்கரையேனும் இட்டே கொடுப்போம். தமக்கையார் அதனை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு துண்டு எடுத்து வாயிலிட்டார். "உப்பு ஒரு கல் கூடுதல்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அவர் கண்கள் மகிழ்ந்தன.

கடையில் வாங்கிய பெட்டி கொடுத்தவர் செல்வத்தை ஒருநாள் காட்டும். கழுவிக் கொடுத்த புட்டியோ கொடுத்தவர் உழைப்பைப் பலநாள் காட்டும். பொருளின் பெருமை அதன் புதுமையில் இல்லை. அது எத்தனை கைகளை இணைக்கின்றது என்பதில் உள்ளது. உங்கள் வீட்டுச் சமையலறையில் காலிப் புட்டி இருப்பின், அதனை எறியுமுன் ஒருமுறை ஒளியில் உயர்த்திப் பாருங்கள். அதில் ஒருவர்க்குக் கொடுக்கத்தக்க இடம் இன்னும் இருக்கின்றது.