டாலர் என்ன விலை? ராஜபாளையத்தில் ஒரு நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிறவர்கள் முதலில் ஆண்டாளைக் கும்பிடுவார்கள், அடுத்து பால்கோவா வாங்குவார்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்களும் உண்டு. பதினோரு நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் கடைவீதி முழுக்கப் பால்கோவா கடைகள். பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. பால் சுண்டும்வரை கிண்டுகிறவர் கை ஓயக் கூடாது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம் இது. பால் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறது, வாங்குவதும் விற்பதும் ரூபாயில் நடக்கிறது. அமெரிக்காவில் என்ன நடந்தாலும் வாணலிக்குப் பெரிய கவலை இல்லை.

அங்கிருந்து தென்காசி சாலையில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். வலது கைப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வந்துகொண்டிருக்கும். மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள், பிறகு நீளமான மில் சுவர்கள். ராஜபாளையம் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெள்ளை நிற வேட்டை நாய் நினைவுக்கு வரும். 2005-ல் தபால்தலையிலேயே இடம்பிடித்த நாய் அது. ஆனால் ஊருக்குச் சோறு போடுவது பஞ்சும் நூலும்தான்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மூன்றே வருடத்தில், 1939-ல், மருத்துவமனைகளுக்கான பஞ்சு தயாரிக்க ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மில்கள். ஊரின் நேரமே ஷிப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் டீக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு அது அன்றைய கடைசி டீ, மற்றவருக்கு முதல் டீ.

நூல் வியாபாரம், துணி ஏற்றுமதி என்று இருப்பவர்கள் காலையில் போனை எடுத்ததும் இரண்டு விலை பார்ப்பார்கள். ஒன்று பஞ்சு விலை, இன்னொன்று டாலர் விலை.

கையால் டாலரைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு அதன் விலை எதற்கு? மில்லின் இரண்டு வாசல்களிலும் டாலர் நிற்கிறது என்பதுதான் பதில். சேலைக்கும் சட்டைக்கும் வேண்டிய மெல்லிய ரக நூல் நூற்க நீளமான இழையுள்ள பஞ்சு தேவை. இந்திய மில்கள் எகிப்தின் கீஸா பஞ்சையும் அமெரிக்காவின் பீமா பஞ்சையும் இறக்குமதி செய்கின்றன. அதற்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். நூற்ற நூலில் ஒரு பகுதி கப்பலேறும், அதற்கு டாலரில் பணம் வரும். டாலர் விலை ஏறினால் வாங்கும் பஞ்சு வலிக்கும், விற்கும் நூல் இனிக்கும். இறங்கினால் தலைகீழ். இரண்டு வாசலிலும் டாலர் வைத்திருப்பவருக்கு ஒரு பக்க நஷ்டத்தை மறுபக்கம் ஓரளவு ஈடுகட்டிவிடும்.

2022 இந்த ஊர் மறக்க முடியாத வருடம். அந்த மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. அதே வருடத் தொடக்கத்தில் 75 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர், அக்டோபரில் 83-ஐக் கடந்தது. பஞ்சு, டாலர் இரண்டும் சேர்ந்து ஏறும்போது மில் நடத்துகிறவர் எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது, எதைப் பார்த்துக் கவலைப்படுவது என்று சொல்லுங்கள்.

ராஜபாளையத்திலிருந்து கிழக்கே போனால் சத்திரப்பட்டி. தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். இங்கே நெய்வது கட்டிக்கொள்ளும் துணி இல்லை, காயத்தில் கட்டும் துணி. பேண்டேஜ் துணிக்கு இந்த ஊர் பேர்பெற்றது. கண்ணுக்கு வலைபோலத் தெரியும் துணியை நெய்து, வெளுத்து, வெட்டி, சுருட்டி, பெட்டி போட்டு அனுப்புகிறார்கள். உள்நாட்டு மருத்துவமனைகளுக்கும் போகிறது, கடல் கடந்தும் போகிறது. நம் வீட்டு முதலுதவிப் பெட்டியில் இருக்கும் சுருள்கூட இங்கே பிறந்ததாக இருக்கலாம்.

கரன்சி வர்த்தகம் என்றால் என்ன என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இந்தத் தெருவைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஏற்றுமதியாளர் ஒருவருக்கு 50,000 டாலருக்கு ஆர்டர் கிடைக்கிறது. சரக்கு போய், பணம் வர 90 நாள். இன்றைக்கு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவர் கையில் 42,50,000 ரூபாய் வர வேண்டும். நூல் விலை, தறிக் கூலி, வண்டி வாடகை எல்லாம் அந்தக் கணக்கில்தான் போட்டிருப்பார். பணம் வரும் நாளில் டாலர் 83 ரூபாய் 50 காசுக்கு இறங்கியிருந்தால்? 75,000 ரூபாய் குறைந்துவிடும். துணியில் பழுதில்லை, நெய்தவர் மேல் தப்பில்லை. ஆனாலும் லாபத்தில் ஒரு பெரிய துண்டு போய்விட்டது.

இதற்காகத்தான் வங்கியில் ‘ஃபார்வர்டு’ போடுகிறார்கள். 90 நாள் கழித்து வரப்போகும் டாலரை இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று வங்கி இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடும். பிறகு டாலர் 80-க்கு விழுந்தாலும் அவருக்கு அந்த விலை உண்டு. 90-க்கு ஏறினாலும் அதே விலைதான். கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடியதை விட்டுக்கொடுத்து, ராத்திரித் தூக்கத்தை வாங்கிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே பங்குச்சந்தையிலும் செய்யலாம். 2008 ஆகஸ்ட் 29-ல் தேசிய பங்குச்சந்தையில் டாலர்-ரூபாய் ஒப்பந்தங்கள் தொடங்கின. காலை 9 முதல் மாலை 5 மணி வரை சந்தை. ஒரு ஒப்பந்தம் என்பது 1,000 டாலர். விலை 25 காசு நகர்ந்தால் 250 ரூபாய் லாபம் அல்லது நஷ்டம். முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை, ஒரு சிறு பகுதியை முன்பணமாகக் கட்டினால் போதும். வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

சத்திரப்பட்டிக்காரர் கதை இத்தோடு முடிகிறது. டீக்கடை பெஞ்சில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இளைஞரின் கதை வேறு. அவருக்கு டாலர் வரவேண்டியதும் இல்லை, கொடுக்க வேண்டியதும் இல்லை. ‘வீட்டிலிருந்தே ஃபாரெக்ஸ், தினம் இவ்வளவு வருமானம்’ என்ற வீடியோ மட்டும் வந்திருக்கிறது. இந்த வீடியோ ராஜபாளையத்துக்கு மட்டுமா வருகிறது, எல்லா ஊர்ப் போனுக்கும்தான் வருகிறது.

அந்த வெளிநாட்டுச் செயலிகள் 100 டாலர் கட்டினால் 500 மடங்கு, அதாவது 50,000 டாலருக்கு விளையாடலாம் என்று ஆசை காட்டுகின்றன. 50,000-ல் வெறும் 0.2 சதவீதம் எதிர்த்திசையில் நகர்ந்தால் கட்டிய 100 டாலர் காலி. 85 ரூபாய் டாலரில் 0.2 சதவீதம் என்பது 17 காசு. ஒரு டீ ஆறுவதற்குள் நடந்துவிடக்கூடிய நகர்வு. இது போக, அனுமதி பெறாத தளங்களில் கரன்சி வர்த்தகம் செய்வது 1999-ம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட 34 பெயர்களை 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பட்டியலாக வெளியிட்டது. பட்டியல் அதன்பின் நீண்டிருக்கிறது. பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு செயலி நல்லது என்று அர்த்தம் இல்லை என்பதையும் வங்கியே சொல்லியிருக்கிறது. பணம் போய்விட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

சரி, சட்டப்படி நம் பங்குச்சந்தையிலேயே செய்தால்? அங்கேயும் 2024 மே 3 முதல் ரிசர்வ் வங்கி ஒரு விஷயத்தைக் கறாராக்கிவிட்டது. ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் எடுப்பவருக்கு உண்மையிலேயே வெளிநாட்டுப் பண வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை அதற்கான ஆவணத்தைக் காட்டச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்தத் தேவை இருந்தாக வேண்டும். வெறும் ஊகத்துக்கு வந்தவர்கள் வெளியேற, சந்தையில் வியாபாரம் வெகுவாகச் சுருங்கியது. ஆக, அந்தச் சந்தை சத்திரப்பட்டிக்காரருக்கானது. பெஞ்சில் இருப்பவருக்கானது அல்ல.

வரவு இருப்பவர்களே ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருப்பூர் சாட்சி. 2007-ல் டாலர் 44 ரூபாயிலிருந்து வருடக் கடைசிக்குள் 39-க்குப் பக்கத்தில் இறங்கியது. பனியன் ஏற்றுமதியாளர்கள் பலர் பதறிப்போனார்கள். அந்தச் சமயத்தில் வங்கிகள் சில சிக்கலான ஒப்பந்தங்களை நீட்டின. சுவிஸ் பிராங்க் இந்த எல்லையைத் தாண்டாதவரை உங்களுக்கு லாபம் என்பது மாதிரியான ஒப்பந்தங்கள். டாலரில் பனியன் விற்கிறவருக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் உரக்கக் கேட்கவில்லை. 2008 மார்ச்சில் ஒரு பிராங்க் ஒரு டாலரையே தாண்டிவிட்டது. வருடக்கணக்கில் சேர்த்த பணம் சில வாரங்களில் கரைந்தது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் மீதான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போயின.

மாலை ஐந்து மணிக்கு டாலர் சந்தை மூடிவிடுகிறது. அதற்கப்புறம் ஊரில் பசி நேரம். பரோட்டா கல் சூடேறத் தொடங்கும். அந்த எண்ணெய்க்கும் டாலருக்கும் தொடர்பு உண்டு, பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. வீடுகளில் இடியாப்பம் பிழிவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதற்கு நூல்புட்டு என்றே ஒரு பெயர் உண்டு. நூல் ஊருக்குப் பொருத்தமான பெயர்தான், ஏனோ நாம் வைத்துக்கொள்ளவில்லை.

அரிசி நூலைக் கொண்டாடுகிற, காலையில் எழுந்ததும் டாலர் விலை கேட்கிற இன்னொரு நாடு பிலிப்பைன்ஸ். அங்கே கப்பலிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்குப் போனவர்கள் அனுப்பும் டாலரில்தான் ஏராளமான குடும்பங்கள் நடக்கின்றன. பெசோ விலை இறங்கினால் வீட்டுக்கு வரும் பணம் கொஞ்சம் கூடும். அந்த வீடுகளில் பிறந்தநாள் என்றால் ‘பன்சித்’ இருந்தாக வேண்டும். சீன வியாபாரிகள் வழியே வந்து, அந்த மண்ணோடு கலந்துவிட்ட நூடுல்ஸ் இது. நீளமான இழை நீண்ட ஆயுளுக்கு அடையாளம் என்பதால் உடைக்க மாட்டார்கள். லுக்பான் என்ற ஊரில் இதை வாழையிலையில் வைத்துக் கொடுக்கிறார்கள், இலையோடு வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறார்கள். வாழையிலை நமக்குப் புதிதா என்ன!

அரிசி இழையில் செய்வது ‘பன்சித் பிஹோன்’. நம் ஊர் மளிகைக் கடையில் பாக்கெட்டில் வரும் உலர்ந்த அரிசி சேவையே அதற்குப் போதும். பிழிந்த இடியாப்பம் ஆகாது, குழைந்துவிடும். நான்கு பேருக்கு 200 கிராம் சேவையைப் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். வாணலியில் எண்ணெய் விட்டு நிறையப் பூண்டு, பிறகு வெங்காயம் வதக்கி, மெல்லிசாக நறுக்கிய கோழிக்கறியும் இறாலும் சேர்த்து வேகவிட வேண்டும். சைவமாக இருந்தால் காளான் போடலாம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் சேர்த்து ஒரு புரட்டு. காய் நறுக்கென்று இருக்கும்போதே அள்ளித் தனியே வைத்துவிடுங்கள். அதே வாணலியில் அரை லிட்டர் சூப்புத் தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், மிளகுத்தூள். கொதி வந்ததும் சேவையைப் போட்டு, இழை உடையாமல் இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிக் கிளறினால் தண்ணீர் முழுவதையும் அதுவே குடித்துவிடும். கடைசியில் காயும் கறியும் மேலே. அங்கே கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையைப் பிழிகிறார்கள், இங்கே நம் எலுமிச்சை இருக்கிறது. உப்பைப் பார்த்துப் போடுங்கள், சோயா சாஸில் ஏற்கெனவே உண்டு.

இரவு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பேருந்தில் பால்கோவா வாங்க மறந்தவர்கள், கடை மூடியிருக்குமோ என்று கவலைப்படுவார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை இருட்டில் கரைந்துவிட்டிருக்கும். மில் வாசலில் இரவு ஷிப்டுக்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள்.