திருமுக்கூடல்: சுவரில் மிஞ்சிய மருத்துவமனை

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம் என்பதால் திருமுக்கூடல். காஞ்சிபுரம் மாவட்டத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. மாட்டுப் பொங்கலையொட்டிக் காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வந்து, அங்கிருந்து இங்கே எழுந்தருளும்போது ஊர் கொள்ளாத கூட்டம் சேரும். மற்ற நாள்களில் இது வயலும் ஆற்று மணலுமாக இருக்கும் சாதாரணக் கிராமம்தான். ஆனால் இங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு மருத்துவமனையின் வரவுசெலவு 55 வரிகள் கொண்ட நீண்ட கல்வெட்டின் பகுதியாக நிற்கிறது. மருத்துவமனைக் கட்டடம் தனியாக எதுவும் மிஞ்சவில்லை. அதனால் இதைக் கட்டட எச்சமாகக் கொள்ளலாகாது என்பார்கள். கொள்ளத்தான் வேண்டும் என்பது என் வாதம். மருத்துவமனை என்பது கூரையும் தூணும் மட்டும் என்றால் அவர்கள் சொல்வது சரி. அங்கே யார் வேலை செய்தார்கள், நோயாளிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்ததுதான் மருத்துவமனை என்றால், கூரை தப்பிய பல இடங்களைவிட இந்தச் சுவர் நமக்கு அதிகம் சொல்கிறது.

இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகரில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த புனித மேரி மருத்துவமனையின் கூடம் இன்றும் நிற்கிறது. முதியோர் இன்றும் அதில் குடியிருக்கிறார்கள். நீண்ட கூடம், அதன் கிழக்குக் கோடியில் வழிபாட்டிடம். படுத்திருந்தவர்கள் பூசையைப் பார்க்கத் தோதான அமைப்பு. கட்டடம் என்ற அளவில் அதற்கு இணையாகக் காட்டத் தமிழ்நாட்டில் எதுவும் இல்லை. ஆனால் அக்காலத்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றில் நிரந்தர மருத்துவர் என்று ஒருவர் இருந்ததில்லை. உணவு, படுக்கை, பிரார்த்தனை இவைதான் அங்கே கிடைத்தவை. நமக்குப் பக்கத்தில் இலங்கையின் மிகிந்தலையிலும் பொலன்னறுவையிலும் மருத்துவமனை அடித்தளங்களோடு, நோயாளியைக் கிடத்தி மூலிகை எண்ணெயில் ஊறவைத்த கல்தொட்டிகளும் தப்பியிருக்கின்றன. அங்கே தொட்டி இருக்கிறது; வைத்தியருக்கு என்ன கொடுத்தார்கள் என்று அந்தத் தொட்டியிடம் கேட்க முடியாது.

திருமுக்கூடல் சுவரிடம் கேட்கலாம். வீரராசேந்திர சோழன் காலத்தில், 1068 வாக்கில் வெட்டப்பட்ட இந்தக் கல்வெட்டு, கோயிலின் சனநாத மண்டபத்தைச் சார்ந்து வேதக் கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் 'வீரசோழன்' என்ற பெயர் கொண்ட ஆதுலர் சாலையும், அதாவது மருத்துவமனையும், நடந்ததைச் சொல்கிறது. ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். படுத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவில் எரிய விளக்கு. மருத்துவருக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல், ஆண்டுக்கு 90 கலம், அதற்கு மேல் காசு 8. அறுவை செய்பவருக்கு ஆண்டுக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். அவர்களுக்கு ஆளுக்கு 15 கலம். நாவிதருக்கும் அதே 15 கலம். மருத்துவருக்கும் பணிப்பெண்ணுக்கும் இடையே ஆறு மடங்கு வித்தியாசம் என்பதைக் கூலிக் கணக்கு பார்த்தவர் எவரும் கவனிக்காமல் போக மாட்டார். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராக வருகின்றன: வாசாஅரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, வில்வாதி நெய், கல்யாண லவணம் என்று 20 அளவுக்கு. விடுதி மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய் ஒதுக்கவும் மறக்கவில்லை.

இதெல்லாம் கொடுப்பதாகச் சொன்னதுதானே, கொடுத்ததற்கு என்ன சான்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தனை பேர் படுத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் வெறும் புகழுக்காக வெட்டியிருந்தால் மன்னனின் மெய்க்கீர்த்தியோடு நிறுத்தியிருக்கலாம். வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாயிலிருந்து விளக்கெண்ணெய், நாவிதர் கூலி வரை இறங்கி வந்து பங்கு பிரித்திருப்பது, பின்னால் எவரும் குறைத்துக் கொடுத்துவிடக் கூடாது என்ற அக்கறையில்தான். கணக்கு கேட்க ஆள் இருந்த இடத்தில்தான் கணக்கை இப்படி எழுதுவார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இந்தச் சாலை எல்லோருக்குமானதா? பெரும்பாலும் கோயில் பணியாளர்களுக்கும் கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களுக்குமே இது ஏற்பட்டது. வயலில் உழுதவருக்கு இந்த 15 படுக்கையில் இடம் கிடைத்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. இதை மழுப்பிவிட்டு, அன்றே இலவச மருத்துவம் தந்த நாடு என்று மேடையில் முழங்குவது அந்தச் சுவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையிலேயே ஒன்று உண்டு. மாதவரம், இராயபுரம், திருவொற்றியூர்க்காரர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து 1799இல் கிளைத்த வைத்தியசாலைதான் அதன் மூலம். சோறு முதலில், மருந்து பிறகு என்ற வரிசையில் திருமுக்கூடலுக்கும் அதற்கும் உறவு உண்டு. ஆனால் சத்திரத்தில் கஞ்சி வாங்க வரிசையில் நின்றவரை, எந்தக் கோயிலைச் சார்ந்தவர் என்று யாரும் கேட்கவில்லை. திருமுக்கூடலின் 55 வரிகளில் அறுவை செய்பவர் இருக்கிறார், மருந்து காய்ச்சுபவர் இருக்கிறார், செவிலி இருக்கிறார். அப்படி வெளியிலிருந்து வந்து நிற்பவர் மட்டும் இல்லை.